கம்மஞ்சோற்றுக்குத் துணை பதநீர்: விளைந்த மண்ணிலேயே விருந்து

கோவில்பட்டி வட்டாரத்தில் புரட்டாசியில் விதைத்த கம்பும் சோளமும் குதிரைவாலியும் தை, மாசியில் களத்துக்கு வந்து விடுகின்றன. களத்தில் தூற்றி முடித்ததும் மூட்டைகள் வியாபாரியின் வண்டியில் ஏறிவிடும். அதே சமயத்தில் விளாத்திகுளம் வட்டத்தில், வேம்பார்ப் பக்கத்துப் பனைகளில் பாளை சீவத் தொடங்குகிறார்கள். புதுத் தானியமும் புதுப் பதநீரும் ஏறத்தாழ ஒரே பருவத்தில், அறுபது கிலோமீட்டர் தூரத்துக்குள் கிடைக்கின்றன. இருந்தும் இவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வெளியூர்க்காரருக்குப் பரிமாறப்படும் இடம் மிக அரிது. நெடுஞ்சாலை ஓட்டலில் அவருக்குக் கிடைப்பது பரோட்டாவும் பாட்டில் பானமும்தான்.

திராட்சை பயிரிட்டு ஒயின் என்னும் மது தயாரிக்கும் நாடுகளில் நிலைமை வேறு. அங்கே ஊரின் பானமும் ஊரின் உணவும் ஒரே மேசைக்கு வருகின்றன. அதைச் சாப்பிடுவதற்கென்றே மக்கள் நகரத்திலிருந்து புறப்பட்டுப் போகிறார்கள். மது நமக்கு வேண்டாம். அந்த மேசையை யார் போட்டார்கள், காசு யார் கைக்குப் போயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால் கரிசல் காட்டு விவசாயிக்கு உபயோகப்படும்.

வாசலில் தொங்கும் பச்சைக் கிளை

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. இந்த நகரத்தின் எல்லைக்குள்ளேயே சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. 1784-ல் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி ஓர் ஆணை பிறப்பித்தார். விவசாயி தன் நிலத்தில் விளைந்த உணவையும், தான் தயாரித்த ஒயினையும், தன் வீட்டிலேயே தான் விரும்பிய விலைக்கு விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அன்று முதல் கிரின்சிங், நுஸ்டோர்ப், ஸ்டாமர்ஸ்டோர்ப் போன்ற கிராமங்களில் குடியானவர்கள் முற்றத்தில் பெஞ்சு போட்டு வியாபாரம் செய்யலானார்கள். இந்தக் கடைகளுக்கு ‘ஹாய்ரிகர்’ என்று பெயர். ‘இந்த வருஷத்தது’ என்று பொருள். அவ்வருஷத்துப் புது ஒயினுக்கும் அதுவே பெயர்.

சரக்கு இருக்கும் நாட்களில் வாசலில் பைன் மரக் கிளை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். தீர்ந்துவிட்டால் கிளையை எடுத்துவிடுவார்கள். வெளியில் வாங்கி வந்து விற்கும் வேலை கிடையாது. பெயர்ப் பலகை, விளம்பரம் என்று எந்தச் செலவும் இல்லாமல் அந்தக் கிளையைப் பார்த்தே ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

அங்குள்ள இன்னொரு வழக்கம் நம் மானாவாரி விவசாயிக்குப் புதிதாகத் தோன்றாது. ஒரே தோட்டத்தில் குறைந்தது மூன்று ரகத் திராட்சைகளைக் கலந்து நட்டு, ஒன்றாகப் பறித்து, ஒன்றாகவே ஒயினாக்குகிறார்கள். ஒரு ரகம் பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். சோளத்தோடு உளுந்தும் தட்டையும் கலந்து விதைத்த நம் பாட்டன்மார் கணக்கும் இதுதான்.

எதற்கு எது சேரும்?

அந்த முற்றங்களில் ரொட்டி, பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி போன்ற கொழுப்பு மிகுந்த பண்டங்களே அதிகம். அவ்வூர் வெள்ளை ஒயினோ சுள்ளென்று புளிக்கும். கொழுப்பு நாக்கில் படிந்து மந்தமாவதை அந்தப் புளிப்பு வெட்டுகிறது. கறிக்குழம்புக்குப் பின் ரசம் கேட்பதும் இதே காரணத்தால்தான். மாறாக, சிவப்பு ஒயினில் பாக்கைப் போன்ற துவர்ப்பு உண்டு. மிளகாய்க் காரத்தோடு அது சேர்ந்தால் எரிச்சல் கூடும். காரமான சாப்பாட்டுக்குச் சற்று இனிப்புள்ள வெள்ளை ஒயினே தோது என்பார்கள். காரத்தை இனிப்பு தணிக்கும். எண்ணெயையும் கொழுப்பையும் புளிப்பு வெட்டும்.

கேரளத்தில் குட்டநாட்டுப் பக்கம் போனாலும் இதைக் காணலாம். அங்கே கள்ளுக்கடை என்றால் கப்பைக் கிழங்கும் குடம்புளி போட்ட மீன் குழம்பும் சேர்ந்தே இருக்கும். சாப்பாட்டுக்காக மட்டுமே அங்கு குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. எனவே இங்குள்ள பேச்சு பதநீரைப் பற்றியது மட்டுமே.

நாசிக் தரும் எச்சரிக்கை

இந்தியாவில் ஒயினுக்குப் பெயர் பெற்றது மகாராஷ்டிரத்தின் நாசிக். சாப்பிடும் திராட்சை விளைந்த அந்த மாவட்டத்தில், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ராஜீவ் சாமந்த் தொடங்கிய ‘சூலா’ நிறுவனம் 2000-ல் முதல் ஒயினை விற்பனைக்கு அனுப்பியது. 2001-ல் மாநில அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்குத் தனிக் கொள்கை வகுத்துச் சலுகைகள் தந்தது. 2005-ல் சூலா தன் தோட்டத்திலேயே ருசி பார்க்கும் கூடம் திறந்தது. பின்னர் உணவகங்களும் தங்கும் விடுதியும் வந்தன. மும்பைக்காரர்கள் வார விடுமுறைக்குக் கார் எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள்.

இதைப் பார்த்து எத்தனையோ விவசாயிகள் ஒப்பந்தம் போட்டு ஒயின் திராட்சை நட்டார்கள். 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. சுற்றுலா படுத்தது, ஒயின் தேங்கியது, ஆலைகள் பல நின்றன. பழத்துக்கு விலை கிடைக்காமல் கொடிகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி சாப்பிடும் திராட்சைக்கே திரும்பியவர்கள் ஏராளம். ஒயின் திராட்சையைச் சந்தையில் கூடை போட்டு விற்கவும் வழியில்லை. வாங்குபவர் கைவிட்டால் போக்கிடம் கிடையாது. மேசை போட்ட பெரிய நிறுவனம் தாக்குப்பிடித்தது. மேசைக்குப் பழம் கொடுத்தவர்களே விழுந்தார்கள்.

மகாராஷ்டிரக் குடியானவர் தினம் சாப்பிடுவது கம்பிலும் சோளத்திலும் தட்டிய ‘பாக்ரி’. பெரிய தோட்டத்து உணவகத்திலோ இத்தாலியச் சாப்பாடும் வட இந்தியச் சாப்பாடும் பரிமாறப்பட்டு வந்திருக்கின்றன. ஊர்ச் சோற்றுக்கு அங்கும் பின் வரிசைதான்.

கரிசல் மேசை

கோவில்பட்டிப் பக்கம் இப்போது எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம். அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. 2018-ல் படைப்புழு வந்த பிறகு மருந்துச் செலவும் கூடிவிட்டது. விலை இறங்கினால் வீட்டில் அடைத்து வைத்துச் சாப்பிட முடியாது. நாசிக் திராட்சைக்கு வந்த இக்கட்டு இதற்கும் வரலாம். கம்பு அப்படியல்ல, விற்காவிட்டால் உலையில் போடலாம்.

கரிசலில் மேசைக்கு வைக்கப் பண்டம் குறைவில்லை. கம்மஞ்சோறு, குதிரைவாலிச் சோறு, கானத்துவையல், கருவாட்டுக் குழம்பு, மிதுக்கு வற்றல், மழைக்காலத்தில் வரப்போரம் காய்க்கும் அதலைக்காய்ப் பொரியல் ஆகியவை பட்டணத்து ஓட்டலில் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காதவை. இவை உப்பும் காரமும் கசப்பும் தூக்கலானவை. அவற்றுக்குப் பின் ஒரு பட்டைப் பதநீர் குடித்தால் நாக்கு குளிர்ந்துவிடும். பதநீரில் சுமார் 10 முதல் 13 சதம் வரை சர்க்கரை உண்டு. கஞ்சியானால் மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் போதும். அதனோடு இனிப்பைச் சேர்க்க வேண்டாம். மாலையில் கருப்பட்டிக் காப்பிக்குச் சாத்தூர் காராச்சேவு நல்ல ஜோடி. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை இனிக்கும் காப்பியோடு கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். சுக்குத் தூக்கலான காப்பியோடு கொடுக்கலாம்.

பதநீரில் இரண்டு கவனம் தேவை. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். சட்டப்படி குற்றமும் ஆகும். சுண்ணாம்பு கூடிவிட்டாலோ தொண்டை கரகரக்கும். வந்தவர் மறுமுறை வரமாட்டார். காலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் விற்றுவிட வேண்டும். வேம்பாரிலிருந்து கோவில்பட்டிக்குக் கொண்டுவருவதைவிட, விளாத்திகுளம், எட்டயபுரம் சாலையிலேயே பந்தல் போடுவது நல்லது. கருப்பட்டியைப் பொறுத்தவரை, சீனி கலந்த சரக்கை வாங்கிக் காப்பி போட்டால் கடையின் பெயர் ஒரே வாரத்தில் கெட்டுவிடும். பனையேறியிடம் நேரே வாங்குவது மேல். அவருக்கும் இரண்டு காசு கூடக் கிடைக்கும்.

ஆட்கள் வருவார்களா என்ற கேள்வி எழும். எட்டயபுரத்துக்குப் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கவும், கழுகுமலைக்கு வெட்டுவான் கோவிலையும் சமணச் சிற்பங்களையும் பார்க்கவும் இன்றும் வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மதுரை - திருநெல்வேலி நான்கு வழிச்சாலையில் கருப்பட்டிக் காப்பிக் கடைகளில் கார்கள் நிற்பதையும் பார்க்கலாம். அவர்களில் சிலர் மதியச் சாப்பாட்டுக்கு நின்றாலே போதும்.

பெரிய முதல் போட்டு இறங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, மாசி முதல் வைகாசி வரை, வாரத்தில் சனி, ஞாயிறு மட்டும் நடத்திப் பார்க்கலாம். சமைத்து விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம். தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. வியன்னாக்காரரின் கிளைக்குப் பதில் ஒரு பனை ஓலையைக் கட்டித் தொங்கவிட்டு, சோறு தீர்ந்ததும் அவிழ்த்துவிடலாம். மிச்சம் வைத்து மறுநாள் சூடு பண்ணிப் போடும் ஆசைக்கு அதுவே தடை.

அடுத்த மாசியில் பந்தல் போட நினைப்பவர்கள் இந்தப் புரட்டாசியிலேயே ஓர் ஏக்கரையாவது மக்காச்சோளத்திலிருந்து ஒதுக்க வேண்டும். 1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், மானாவாரிக்கு ஏற்ற ‘கே 12’ சோளம் உள்ளிட்ட ரகங்களைத் தந்துள்ளது. விதை இருப்பை ஆவணி முடிவதற்குள் அங்கே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. குதிரைவாலியை உமி நீக்கி அரிசியாக்கும் எந்திரம் எங்கே இருக்கிறது என்பதையும் விதைக்குமுன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.