முதற் சைக்கிள் வாங்கப்போகும் சகோதரிக்கு

புங்குடுதீவில் நாங்கள் வழமையாகப் போய்வரும் வீடொன்றின் கோடிப்புறத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறது. இருபத்தெட்டு அங்குலச் சில்லு, கம்பிப் பிறேக், முன்னுக்குப் பார் உள்ள ஆண்களின் சைக்கிள். ரயர்கள் எப்போதோ உக்கிவிட்டன. ஓலைத் தட்டியொன்று அதன்மேல் சாத்தப்பட்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் 2007ஆம் ஆண்டு காணாமற்போனார். அக்காவுக்கு அப்போது இருபத்தாறு வயது, கையில் ஒரு குழந்தை.

அக்கா இப்போது வேலணையில் கடலுணவு பதனிடும் இடமொன்றில் வேலை செய்கிறார். வீட்டிலிருந்து அங்கே ஏறத்தாழ 7 கிலோமீற்றர். காலைப் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. பின்னேரம் பஸ் வராவிட்டால் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு அரைநாட் கூலியை விழுங்கிவிடும். "மிஸ், எனக்கு ஒரு சைக்கிள் எடுக்கவேணும்" என்று அவர் கேட்டபோது, என்னையறியாமலே என் கண் கோடிப்புறத்துக்குப் போய்விட்டது. அதை அவர் கண்டுவிட்டார்.

"அது வேண்டாம் மிஸ். அது அவற்றை. அவர் வந்தாக் கேப்பார்."

அதற்குமேல் நான் பேசவில்லை. பழைய சைக்கிளைத் திருத்தினால் செலவு குறையும் என்று கணக்குச் சொல்ல எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு அந்த வீட்டில் செல்லாது. ஆகவே, கையிலிருந்த 20,000 ரூபாவுக்குள் எப்படியொரு சைக்கிளைத் தேடலாம் என்று இருவரும் யோசித்தோம். தேடித்திரிந்த அந்த இரண்டு கிழமைகளில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தீவுப்பகுதியில் இதே யோசனையோடு இன்னும் பல சகோதரிகள் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சைக்கிள் புதிதல்ல. 1990க்கும் 1995க்கும் இடையில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில், குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. பிரசவத்துக்குப் போனவர்களும் சைக்கிள் கரியரில்தான் போனார்கள். பற்றரி இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகள் எத்தனை! 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் சனம் நகர்ந்தபோது, சைக்கிள்களில் ஏறி ஓட ஒருவருக்கும் இடமிருக்கவில்லை. மூட்டையும் முடிச்சும் பிள்ளையும் கிழவியுமாக ஏற்றி உருட்டிக்கொண்டுதான் போனார்கள். ஆனாலும் எங்கள் தீவுகளில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிற் பலர் சைக்கிள் ஓடத் தெரியாமலே இருக்கிறார்கள். ஓடிப் பழகவேண்டிய வயதில் அவர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்கள். 1990இல் தீவகத்தை விட்டு ஓடிய குடும்பங்கள் எத்தனை இடம் மாறின என்பது அவரவருக்குத்தான் தெரியும். பிறகு கலியாணம், கரியரில் இருந்து போகும் வாழ்க்கை. கரியரில் ஏற்றிப்போனவர் இல்லாமற் போனபோதுதான் ஹாண்டிலைப் பிடிக்கவேண்டிய நிலை வந்தது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில் அங்கே நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு, பெண்களுக்குச் சைக்கிள் பழக்கும் வேலையையும் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சேர்த்துக்கொண்டார். எழுத்துப் படிப்பிக்கக் கிராமங்களுக்குப் போகவேண்டிய பெண்களுக்குப் போக்குவரத்து வேண்டும் என்ற சாதாரண தேவையில் இருந்து தொடங்கியது அது. கல்லுடைப்பவர்கள், வயற் கூலிகள், தாதியர், ஆசிரியைகள் என ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் ஒழுங்குசெய்யப்பட்டது. கடைகளில் பெண்கள் சைக்கிள் முடிந்துபோக, பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பியும் எடுத்தார்கள். காரணம், முன்பாரில் பிள்ளையை இருத்தலாம். இதை நான் வாசித்தபோது சிரிப்பு வந்தது. ஒரு தாயின் தெரிவு எந்த ஊரிலும் இப்படித்தான் இருக்கும்.

எந்தச் சைக்கிள்?

அக்காவின் மகனுக்கு வேறு ஆசை. மெல்லிய ரயரும் கீழே வளைந்த ஹாண்டிலும் கியரும் உள்ள "ரேசிங்" சைக்கிள். பண்ணையிலிருந்து வரும் காப்பெற் வீதியில் அது பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் மெல்லிய ரயருக்கு மிகக் கூடிய காற்றழுத்தம் வேண்டும். வீட்டிலிருக்கும் சாதாரணப் பம்மால் அவ்வளவு அடிப்பது கஷ்டம். காற்றுக் குறைந்த மெல்லிய ரயர் கல்லில் ஏறினால் ரியூப் றிம்மோடு நசிந்து கிழியும். காப்பெற் வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் கல்லும் மணலும் உடை முள்ளும்தான். எல்லாவற்றையும்விட உப்பு! பின்சில்லில் தொங்கும் கியர்ப் பகுதியில் சிறு சக்கரங்களும் வில்லுகளும் மெல்லிய கம்பிகளும் இருக்கின்றன. கடற்காற்றில் முதலிற் பிடிப்பது அவைதான். நாள்தோறும் துடைத்து எண்ணெய் விட நேரமுள்ள இளைஞருக்கு அது சரி. விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்துவைத்துவிட்டு ஓடும் பெண்ணுக்கு, கியர் இல்லாத, செயின் முழுக்க மூடிய, மட்காட் உள்ள சாதாரணப் பெண்கள் சைக்கிளே போதும்.

கியர் இல்லாவிட்டால் காற்றுக்கு என்ன செய்வது? இது நியாயமான கேள்வி. தீவுகளில் ஏற்றம் கிடையாது, ஆனால் சோளகம் இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று, கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் ஆளையே சாய்க்கும். புங்குடுதீவிலிருந்து வேலணைக்குப் போகும்போது தள்ளிவிடும், வேலை முடிந்து களைத்து வரும்போது மறிக்கும். முன்பற்சில்லு சிறிதாகவோ பின்பற்சில்லு பெரிதாகவோ இருக்கும் சைக்கிளென்றால் மிதிப்பது இலகு, வேகம் குறையும். பின்பற்சில்லை மட்டும் மாற்றலாம், பெரிய செலவில்லை. மற்றபடி, அந்தத் துண்டில் இறங்கி உருட்டுவதில் வெட்கமில்லை.

சில்லின் அளவு உயரத்தைப் பொறுத்தது. எங்களிற் பெரும்பாலானோருக்கு 26 அங்குலம் பொருந்தும். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அதுவே ஓடத் தெரிந்தவருக்குரிய சீற்றின் உயரம். முழங்கால் மடிந்தபடியே மிதித்தால் ஒரு கிழமையில் நோவு தொடங்கும். நயினாதீவில் இருப்பவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஏறக்குறைய 4 சதுர கிலோமீற்றர் தீவுக்கு எந்தச் சைக்கிளும் ஓடும். நெடுந்தீவு அப்படியல்ல, அது 50 சதுர கிலோமீற்றர் அளவு, பஸ்ஸை நம்பி இருக்கவும் முடியாது. அங்கே தடித்த ரயர்தான் நல்லது.

பழையதை எப்படிப் பார்ப்பது?

புதுச் சைக்கிள் எங்கள் காசுக்கு எட்டவில்லை. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு, ரூபாவும் விழுந்தபோது ஏறிய சைக்கிள் விலை முந்தைய நிலைக்கு இறங்கவேயில்லை. ஆகவே பழையதைத்தான் தேடினோம். ஊர்காவற்றுறைப் பக்கம் நீண்டகாலமாகச் சைக்கிள் திருத்தும் ஐயா ஒருவர் எங்களுக்கு ஆசிரியரானார்.

"பிள்ளை, பெயின்ரைப் பாக்காதேங்கோ. புதுப் பெயின்ற் அடிச்சிருந்தா, ஏன் அடிச்சவன் எண்டு பாருங்கோ" என்பது அவருடைய முதற் பாடம். சட்டத்தின் குழாய்கள் சந்திக்கும் இடங்களில், முக்கியமாகக் கிராங் பூட்டும் இடத்திலும் ஹாண்டிலுக்குக் கீழேயும், நிறப்பூச்சு கொப்பளித்திருந்தால் உள்ளே துரு தின்றுகொண்டிருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். வெடிப்புக் கண்டால் பேரம் பேசாமலே திரும்பிவிட வேண்டும். ஒட்டி ஓடலாம் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்கவேண்டாம். கரியரில் பிள்ளை இருக்கும்.

பிறகு சைக்கிளைத் தூக்கிச் சில்லைச் சுற்றிவிட வேண்டும். கொஞ்சம் நெளிந்து ஓடினால் கம்பிகளை இறுக்கி நெளிவெடுக்கலாம். கரகரவென்று சத்தம் வந்தால் ஹப்புக்குள் இருக்கும் போல்ஸ் போய்விட்டது. கிராங்கைப் பிடித்து இரு பக்கமும் ஆட்டினால் ஆடக்கூடாது. முன்பற்சில்லின் முன்விளிம்பில் செயினை விரலால் முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். பல்லை விட்டு நன்றாக எழும்பினால் செயின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சீற் கம்பி ஏறி இறங்குகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். தீவுச் சைக்கிள்களில் அது துருப்பிடித்துச் சட்டத்தோடு ஒட்டியிருப்பது சாதாரணம். அப்படியென்றால் உங்கள் உயரத்துக்கு அது ஒருநாளும் வராது.

சட்டம், றிம், ஹப் ஆகியவைதான் காசு தின்னும் பகுதிகள். ரியூப், பிறேக் றப்பர், பெடல், சீற் உறை என்பவை பழுதாயிருந்தால் பயப்பட வேண்டாம். அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். நாங்கள் பார்த்த மூன்றாவது சைக்கிளில் சட்டம் நல்லது, றிம் அலுமினியம், பின்ரயர் மட்டும் வெடித்திருந்தது. 17,000 கேட்டார்கள், அக்கா 15,000க்கு முடித்தார். ரயர் 2,200, ரியூப் 750, கழுவிப் பூட்டிய கூலி 1,500. மொத்தம் 19,450 ரூபா. மிச்சம் 550இல் ஒரு பூட்டு. ஊருக்கு ஊர் விலை மாறும். எங்கள் கணக்கு ஓர் உதாரணம் மட்டுமே.

இன்னொன்று. விற்பவரிடம் ஒரு சிறு கடிதம் வாங்க மறக்கவேண்டாம். அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கம், விலை, திகதி, கையொப்பம். களவெடுத்த சைக்கிள் கைமாறி வந்து, வாங்கியவர் பொலிஸ் நிலையத்தில் நின்ற கதை எங்களுக்குத் தெரியும். தனித்து வாழும் பெண்ணுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

கடன் பற்றி

அக்கா சீட்டுக் காசில் வாங்கினார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடன்கள் வடக்கில் எத்தனை பெண்களின் நித்திரையைப் பறித்தன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை இரத்துச்செய்ய 2018இல் அரசாங்கமே முடிவெடுக்க வேண்டிவந்தது.

தவணைக்குச் சைக்கிள் எடுப்பதென்றால் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: வட்டி முழுத்தொகைக்கா, மிச்சத்தொகைக்கா? 40,000 ரூபாவுக்கு மாதம் 3 வீத வட்டி, 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். முழுத்தொகைக்கு வட்டி என்றால் 14,400 ரூபா வட்டி கட்டுவீர்கள். மாதாமாதம் முதலைச் சமமாகக் குறைத்து, மிச்சத்துக்கு மட்டும் வட்டி என்றால் 7,800 ரூபாதான். இரண்டையும் "மூன்று வீதம்" என்றே சொல்வார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதியையோ சிக்கனக் கடனுதவிச் சங்கத்தையோ முதலில் விசாரியுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒருவருக்கென்று சீட்டுப் பிடித்தாலும் ஆகும்.

நாற்பதில் பழகுவது

வாங்கியபின்தான் தெரிந்தது, அக்காவுக்குச் சைக்கிள் ஓட வராது! சின்னவயதில் பழகியது என்று எங்களிடம் சொன்னது வெட்கத்தில் சொன்ன பொய். நாங்கள் செய்தது இதுதான்: சீற்றை ஆகக் கீழே இறக்கி, பெடல் இரண்டையும் கழற்றிவிட்டோம். இடது பெடலின் புரி எதிர்ப்பக்கம். மற்றைய ஆணிகளை இறுக்கும் பக்கமாகச் சுற்றினால்தான் அது கழலும், இது தெரியாமல் புரியை உடைப்பவர்கள் உண்டு. இரு காலும் நிலத்தில் முட்ட, உந்தி உந்திப் போகவேண்டும். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடுவதைவிட இது பாதுகாப்பானது. காலைத் தூக்கினாலும் சாயாமல் பத்து யார் போக வந்ததும் பெடலைப் பூட்டலாம். கோயில் வெளியில் பின்னேரங்களில் ஆறு நாள் எடுத்தது. "இந்த வயசில இவவுக்கு என்ன கூத்து" என்று ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. குரலுக்குரியவர் மூன்றாம் நாள், "எனக்கும் ஒருக்காத் தாருங்கோ" என்று வந்து நின்றார்.

சேலை கட்டுபவர்கள் பின்சில்லின் இரு பக்கமும் வலை பூட்டிக்கொள்ளுங்கள். இருட்டில் வருபவர்கள் பின்னால் ஒளி தெறிக்கும் சிவப்பு வில்லையொன்றாவது வைத்திருக்கவேண்டும். தாம்போதியில் வெளிச்சம் இல்லை, மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். குறிகட்டுவானிலிருந்து படகில் சைக்கிளை ஏற்றுபவர்கள், இறக்கியவுடன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். நெடுந்தீவில் நல்ல தண்ணீருக்கே தட்டுப்பாடு என்பது தெரியும், அரைப்போத்தல் போதும். செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடவேண்டாம், மணலை இழுத்துப் பசையாகிவிடும். தையல் மெசின் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, மேலே வழிவதைத் துடைத்தால் சரி.

சனிக்கிழமைகளில் அக்கா சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விடுகிறார். போன முறை நான் போனபோது கோடிப்புறத்து ஓலைத்தட்டி விலக்கியிருந்தது. அந்தப் பழைய சைக்கிளின் செயினும் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தன்னுடைய சைக்கிளைப் பற்றித்தான் பேசினார். பின்பிறேக் இன்னும் வடிவாகப் பிடிக்கவில்லையாம். அடுத்த சம்பளத்துக்கு றப்பர் இரண்டும் மாற்றவேணுமாம்.