மிஸ்டு கால் கொடுத்தால் போதுமா?

புகையிலை புற்றுநோயைத் தரும் என்பது இன்று தெரியாத சங்கதி அல்ல. பாக்கெட்டின் மேலேயே படம் போட்டிருக்கிறது. தியேட்டரில் படம் தொடங்கும் முன் எச்சரிக்கையும் வருகிறது. ஆனாலும் 2016-17 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 28.6 சதவீதம் பேர் புகைத்தோ மென்றோ புகையிலையைப் பயன்படுத்தினார்கள். இத்தனைக்கும் அசராதவரை 160 எழுத்துக்குள் அடங்கும் ஒரு குறுஞ்செய்தியா மாற்றிவிடும்?

லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர் கரோலின் ஃப்ரீயின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. சிகரெட்டை விட விரும்பிய 5,800 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பாதியினருக்கு முதல் 5 வாரம் தினமும் 5 செய்திகள், அடுத்த 26 வாரம் வாரத்துக்கு 3. மறு பாதியினருக்குப் புகைப்பழக்கத்தோடு சம்பந்தமில்லாத செய்திகள் மட்டும். இதில் முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. புகைக்கத் துடிக்கும்போது 'கிரேவ்' என்ற ஒற்றைச் சொல்லை அனுப்பினால், அந்தச் சில நிமிடங்களைக் கடத்த வழி சொல்லி உடனே பதில் வரும். மனம் தளர்ந்து ஒன்றைப் பற்றவைத்துவிட்டவர் 'லாப்ஸ்' என்று அனுப்பலாம். அவருக்கும் தேறுதல் சொல்லிப் பதில் வரும்.

'விட்டுவிட்டேன்' என்று சொன்னவர்களை அப்படியே நம்பிவிடவில்லை. நிகோடின் உடலில் சிதையும்போது உண்டாகும் கோட்டினின் இருக்கிறதா என்று எச்சிலில் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில் செய்தி பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள், மற்றவர்களில் 4.9 சதவீதம். 2011-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. நூற்றுக்குப் பதினொன்றுதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஏறக்குறைய காசே செலவாகாத ஒரு வழி, விடுபட்டவர் எண்ணிக்கையை இரண்டு மடங்குக்கு மேலாக்கியிருக்கிறது.

நம் நாட்டில் மத்திய அரசு 2016-ல் இதே முறையைத் தொடங்கியபோது வாசலாக வைத்தது மிஸ்டு காலை. காசில்லாமல் சேதி சொல்ல நமக்குப் பழகிப்போன உத்தியாயிற்றே! 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சராசரியாக 7 சதவீதம் பேர் பழக்கத்தை விட்டிருந்தார்கள்.

புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவழைப்பதிலும் குறுஞ்செய்தி உதவுகிறது. லண்டனின் ஹில்லிங்டன் பகுதியில் முதல்முறை மார்பகப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களுக்கு, 48 மணி நேரம் முன்பு ஒரு நினைவூட்டல் அனுப்பினார்கள். வருகை 59.1 சதவீதத்திலிருந்து 64.4 ஆக உயர்ந்தது. மிக ஏழ்மையான பகுதிப் பெண்களிடம் இந்த உயர்வு இன்னும் அதிகம். புதிதாக அவர்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை; நாளையும் நேரத்தையும் ஞாபகப்படுத்தியதோடு சரி. பயமுறுத்தும் விளம்பரங்களுக்குக் கொட்டும் பணத்தை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

தான்சானியாவில் கிளிமஞ்சாரோ, அருஷா பகுதிகளில் நடந்த ஆய்வு இதற்கும் ஒரு படி மேலே போனது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எங்கே நடக்கிறது என்று மட்டும் சொல்லப்பட்ட பெண்களில் 4.3 சதவீதம் பேர் வந்தார்கள். தொடர்ந்து குறுஞ்செய்தி பெற்றவர்களில் 12.9 சதவீதம். செய்தியோடு, போய்வரப் பயணச் செலவுக்கான வவுச்சரும் போனில் கிடைத்தவர்களில் 18 சதவீதம். பஸ் காசு இல்லாதவருக்கு அறிவுரை பாதி வழிக்குத்தான் துணை வரும்.

இந்தியாவில் 30 முதல் 65 வயது வரை வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 30-49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இங்கே குறுஞ்செய்தி பயன்படும். ஆனால் அது யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டில் ஒரே போன், அதுவும் கணவரிடம் என்றால், மனைவிக்கான செய்தி ஓடிபி, கடன் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்து அழிந்துபோகும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரல் அழைப்புதான் சரி. பரிசோதனை நாளையும் இடத்தையும் குறிப்பிடாமல் 'விழிப்புணர்வு பெறுவீர்' என்று மட்டும் அனுப்புவதால் யாருக்கும் லாபமில்லை.

புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.