கழுத்தில் குழாய், வெளியே மழை

அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். விதுரா தாண்டிவிட்டால் காட்டுப் பாதைதான். தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழுதடைந்த லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தமிழ்த் தோட்டக் குடும்பங்கள் தங்கிவிட்டன. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டுமே நனைக்கிற மலை இது.

இப்படியோர் இடத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, கழுத்தில் டயாலிசிஸ் குழாய் போட்டு அனுப்பினால், டாக்டர் சொல்லும் முதல் விதி: "அந்த இடம் நனையவே கூடாது." நகரத்து அடுக்குமாடியில் இது எளிது. இங்கே அதுவே முழுநேர வேலை.

ஏன் இத்தனை கண்டிப்பு? குழாயின் உள்முனை இதயத்தின் வாசல் வரை போகிறது. வெளியே தொங்கும் சிவப்பு முனை வழியே ரத்தம் இயந்திரத்துக்குப் போய், நீல முனை வழியே திரும்புகிறது. நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, குழாய் வெளிவரும் புண்ணின் ஓரமாகவோ, மூடியைத் திறக்கும் நேரத்தில் குழாயின் உள்ளேயோ புகுந்துவிடும். புகுந்தபின் குழாய்ச் சுவரில் வழுவழுப்பான படலம் கட்டிக்கொள்ளும். மருந்து அதைத் துளைக்கத் திணறும். பல சமயம் குழாயையே கழற்ற நேரிடும். இதய வால்வு, முதுகெலும்பு வரை கிருமி போவதும் உண்டு. இயந்திரத்தில் இணைக்கும்போதும் பிரிக்கும்போதும் நர்ஸ், நோயாளி இருவரும் முகக்கவசம் போடுவது இதனால்தான். நர்ஸ் மறந்தால் கேளுங்கள்; கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

குழாய் மேல் போட்டிருக்கும் கட்டை வீட்டில் பிரிக்கக் கூடாது. குளோர்ஹெக்சிடின் மருந்தால் துடைத்துப் புதுக் கட்டுப் போடுவது டயாலிசிஸ் பிரிவின் வேலை. மார்புக்குக் கீழே மட்டும் உடம்பைக் கழுவலாம். தலைக்கு ஊற்ற வேண்டுமென்றால் இன்னொருவர் உதவியோடு, தலையைப் பின்னால் சாய்த்து, கட்டின்மேல் ஒரு சொட்டும் படாமல். ஓடையில் இறங்குவதை மறந்துவிட வேண்டும். கட்டு நனைந்தாலோ பிரிந்தாலோ அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் உடனே அந்தப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், பச்சிலை எதுவும் குழாய் இருக்கும் இடத்தில் வேண்டாம். சவரம் செய்யும்போது பிளேடும் கத்தரியும் குழாய்ப் பக்கம் வரக் கூடாது. வேறு சிகிச்சைக்கு ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ அந்தக் குழாயைத் தொட விடாதீர்கள்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் உடம்பு தூக்கிப்போடுகிற குளிர் நடுக்கம் வந்தால், குழாயில் கிருமி இருக்கக்கூடும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவது ஆபத்து. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்த பிறகு ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். காய்ச்சல் நள்ளிரவில் வந்தால் இந்த மலையிலிருந்து இறங்க வண்டி வேண்டுமே. ஜீப்காரர் எண்ணைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது.

ஆனால் எத்தனை பத்திரமாக இருந்தாலும் குழாய் என்பது இடைக்கால ஏற்பாடுதான். நிலையான வழி வேறு: 1966இல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ உள்ளிட்ட மருத்துவர்கள் அறிவித்த ஃபிஸ்டுலா, முன்கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறு அறுவை. கிருமி பயம் மிகக் குறைவு. அது பழுத்துப் பயனுக்கு வர ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். "டியூப் நல்லாத்தானே ஓடுது, கையை எதுக்கு வெட்டணும்?" என்று தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். கட்டு நனைவதைவிட இந்தத் தள்ளிப்போடல்தான் எனக்குப் பெரிய பயம். ஃபிஸ்டுலா போடப்போகும் கையில் ஊசி குத்த விடாமல் சிரையைக் காப்பதும் குழாய் போட்ட அன்றே தொடங்க வேண்டிய வேலை.

வாரம் மூன்று முறை மலை இறங்க முடியாதவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் உண்டு. 2016இல் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் 2019இல் அதுவும் சேர்ந்தது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதிலும் குழாய் உண்டு, அதே கைகழுவல், அதே முகக்கவசம். கூடவே ஒழுகாத ஓர் அறையும், டயாலிசிஸ் திரவப் பையை மாற்றும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ளும் வசதியும், அந்தப் பைகளை அடுக்க ஈரமில்லாத இடமும் வேண்டும். லயத்து வீட்டில் அது ஆகுமா என்பதை யாராவது வந்து வீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.