நூலகம் பெயர்ந்த பின் நின்ற கட்டடம்

நூலகம் இடம்பெயர்ந்தபின் அதன் பழைய கட்டடம் என்னாகிறது? இவ்வினாவுக்குச் சிங்கப்பூரின் ஸ்டாம்ஃபோர்டு சாலை ஒன்றே இரு வேறு விடைகளைத் தருகிறது. மலாக்காவும் பினாங்கும் சிங்கப்பூரும் நீரிணைக் குடியேற்றங்கள் என ஓராட்சியின்கீழ் இருந்த நாளில் தொடங்கிய வரலாறு ஆதலின் அது நமக்கும் உரியதே.

1874இல் அரசின் பொறுப்பில் வந்த இராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும், 1887 அக்டோபர் 12ஆம் நாள் அச்சாலையில் தமக்கென எழுப்பப்பெற்ற குவிமாட மாளிகையில் குடியேறின. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நூலும் அரும்பொருளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன. ஆயினும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலமே. இரவல் பெறுவோர் சந்தா செலுத்த வேண்டியிருந்தது.

1953இல் வள்ளல் லீ கோங் சியான் 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். நூலகம் யாவர்க்கும் கட்டணமின்றித் திறந்திருத்தல் வேண்டும், ஆசிய மொழிகளும் அங்கு வளர்தல் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். அவ்வண்ணமே 1960 நவம்பர் 12இல் அருகிலேயே செங்கற் கட்டடம் திறக்கப்பெற்றது. தமிழ் நூல்களுக்கும் அங்கு இடம் கிடைத்தது. பழைய மாளிகை முழுவதும் அரும்பொருளகத்துக்கே உரியதாயிற்று. பெரும் சீரமைப்புக்குப்பின் 2006 டிசம்பரில் தேசிய அரும்பொருளகமாகப் புதுப்பொலிவுடன் மீண்டும் திறக்கப்பெற்றது.

செங்கற் கட்டடத்தின் விதி வேறு. மக்கள் பலர் எதிர்த்தும், சுரங்கச் சாலைக்காக 2004 மார்ச் 31இல் அது மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. அதன் நுழைவாயில் தூண்கள் இரண்டு இன்றும் நிற்கின்றன. நூல்களோ 2005இல் விக்டோரியா வீதியின் புதிய நூலகத்தை அடைந்தன.

இவற்றால் விளங்குவது யாது? அன்பு மட்டும் கட்டடத்தைக் காப்பதில்லை, பயன்பாடே காக்கிறது. முன்னதற்கு அடுத்த பணி காத்திருந்தது; பின்னதற்கு இல்லை. நம் மலாக்காவின் ஸ்டாதைஸ் மாளிகையும் டச்சு ஆளுநரின் இருப்பிடமாய் இருந்து, பின்னர் அரும்பொருளகமானதால் அன்றோ நாள்தோறும் மக்கள் நுழையும் இடமாய் நிற்கிறது?

ஆனால் கட்டடம் பிழைப்பது பாதி வெற்றியே. வாசிப்புக்கு வேறோர் இல்லம் அமைந்தபோதுதான் ஸ்டாம்ஃபோர்டு சாலை மாற்றம் நிறைவுற்றது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறுங்கால் நம் படிப்பகங்களின் நிலையும் இதுவே. கதவு மூடப்படுமுன் நூல்களைப் பட்டியலிட்டு, தமிழ்ப்பள்ளியிலோ ஆலய மண்டபத்திலோ அவற்றுக்கு ஓரிடம் உறுதி செய்வோம். சுவரை இழந்தாலும் நூலை இழவாதிருப்பது நம் கையில் உள்ளது.