நெஞ்சைத் திறக்கும் டாக்டரைப் பார்க்கப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற வண்டி, கள்ளக்குறிச்சி ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் வளைந்து போகிறதே, அதே வேலையைத்தான் ஒரு டாக்டர் உங்கள் இதயத்தில் செய்கிறார், தெரியுமா? பைபாஸ் என்றால் அடைப்பைச் சுரண்டி எடுப்பது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லவே இல்லை! அடைப்பு இருந்த இடத்திலேயே கிடக்கும். அதைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போகப் புதுவழி போடுகிறார்கள், அவ்வளவுதான்.

புதுவழிக்குக் குழாய் எங்கிருந்து வருகிறது? உங்கள் காலிலிருந்து! அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள். காலில் ரத்தம் கீழே இறங்கிவிடாமல் மேலே மட்டும் ஏற வேண்டும் என்பதற்காக, அந்த நாளத்துக்குள் ஒருவழிக் கதவுகள் இருக்கின்றன. அப்படியே வைத்துத் தைத்தால் கதவுகள் ரத்தத்தைத் தடுத்துவிடும். அதனால் நாளத்தைத் தலைகீழாகத் திருப்பித் தைக்கிறார்கள்! நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடுகிற ஒரு தமனியையும் எடுத்துக்கொள்வது உண்டு. பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பெரும்பாலானவர்களுக்கு அது அடைக்காமல் இருக்கும். ‘நெஞ்சில்தானே வியாதி, காலில் ஏன் வெட்டினார்கள்?’ என்று ஆபரேஷன் முடிந்த பிறகு பதறுகிற குடும்பங்கள் இதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இந்தியாவின் முதல் பைபாஸ் நடந்தது நம் தமிழ்நாட்டில்தான்! 1975-ல், சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். அப்போது அவருக்கு வயது 33!

ஆபரேஷன் நடக்கும்போது இதயத்தையே நிறுத்திவைக்க முடியும் என்பது தெரியுமா? பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவம் உள்ளே போனால் துடிப்பு நின்றுவிடும். அதுவரை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடித்துக்கொண்டிருந்த இதயம்! அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் பக்கத்தில் ஒரு இயந்திரம் செய்யும். 1953 மே 6-ஆம் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டாக்டர் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண் ஒருவரை 26 நிமிடம் அப்படி இயந்திரத்தின் துணையில் வைத்து, இதயத்தில் இருந்த ஓட்டையைத் தைத்தார். இன்று நம் நாட்டில் இதயம் துடிக்கத் துடிக்கவே பைபாஸ் செய்கிற டாக்டர்களும் நிறைய. எனக்கு எந்த முறை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைப்பவர் இதய மருத்துவர். வால்வு மாற்றுவது, பைபாஸ் செய்வது, பிறவி ஓட்டையைத் தைப்பது எல்லாம் இதய அறுவை சிகிச்சை நிபுணரின் வேலை. நுரையீரலும் இவர் கையில்தான்! நெடுஞ்சாலை விபத்தில் விலா எலும்பு முறிந்து நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ தேங்கினாலும், காசநோயால் சீழ் கட்டினாலும் இவர் உதவி தேவைப்படலாம். விலாவில் ஒரு டியூப், அதன் மறுமுனை பாட்டில் தண்ணீருக்குள். உள்ளே தேங்கிய காற்று குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று திரும்பி உள்ளே போகாது. அரை அடித் தண்ணீர்கூட இல்லை, அது உயிரைக் காக்கிறது! அந்த பாட்டிலை மட்டும் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கிவிடாதீர்கள். தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு முதல் டோஸாக 14 மாத்திரைகள் தருகிறார்கள். வெள்ளிமலையிலிருந்து மலை இறங்கி வருவதற்குள் கரைகிற நேரத்தைப் பிடித்து வைக்கிற மாத்திரைகள் அவை! அவற்றில் ரத்தம் உறையாமல் தடுப்பவையும் இருக்கின்றன. அதனால் பின்னால் அறுவை சிகிச்சை டாக்டரிடம் போகும்போது என்ன சாப்பிட்டோம், எப்போது சாப்பிட்டோம் என்று சொல்லியே ஆக வேண்டும். அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் க்ளோபிடோக்ரல் மாத்திரையைச் சில நாள் நிறுத்திய பிறகே செய்வார்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டைகள், ஆஞ்சியோ சிடி, பழைய எக்கோ ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, பீடி, எதையும் மறைக்க வேண்டாம். அவர் திட்டினாலும் பரவாயில்லை, மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பணம்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இதய ஆபரேஷன்களும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றும், ரேஷன் கார்டும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது! எங்கே அனுப்புவார்கள், எந்தக் கடிதம் வேண்டும் என்று முதலில் இங்கேயே விசாரித்துவிடலாம்.

பிள்ளைக்கு வருகிற தொண்டை வலி இதய வால்வைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? உண்மை! ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு வீங்கி, காய்ச்சல் வந்து, கடைசியில் வால்வு சுருங்கிப்போகலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள், தாய்மார்களே.

வால்வு மாற்றியவர்களுக்கு ஒரு செய்தி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் உருவான இந்திய வால்வு 1990-லேயே மனித இதயத்துக்குள் போய்விட்டது! செயற்கை இயந்திர வால்வு வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை. அந்த மாத்திரைக்காகக் கீரையை விட வேண்டியதில்லை, ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் மறுவாரம் ஒன்றுமில்லாமலும் சாப்பிடக் கூடாது, அவ்வளவே. பல் பிடுங்கப் போனால் ‘எனக்குச் செயற்கை வால்வு இருக்கிறது’ என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். ராத்திரி ஊர் அடங்கிய பிறகு, தலையணையில் சாய்ந்தால், நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று மெல்லிய ஓசை கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை, வால்வு மூடித் திறக்கிற சத்தம் அது. வழக்கமாகக் கேட்கிற அந்தச் சத்தம் திடீரென்று மங்கினால் மட்டும், விடியும் வரை காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.