நகர அமைப்பும் நகர ஜனங்களும்

ஒரு நகரம் எத்திசையில், எவ்வாறு வளர வேண்டுமென்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? படம் தீட்டும் நிபுணர்களுக்கு மட்டுமா? அந்நகரிலேயே உழைத்து, வரி செலுத்தி வாழும் ஜனங்களுக்கும் அதில் பாத்தியதை இல்லையா? சென்னையின் அனுபவத்தைக் கொண்டு இக்கேள்வியை ஆராய விரும்புகிறோம்.

1914-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், சென்னை ராஜதானியின் நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து 1915-ல் அறிக்கை எழுதினார். நெருக்கமான பேட்டைகளைத் தரைமட்டமாக்கி அகன்ற வீதிகள் போடுவதை அவர் கண்டித்தார். குடியிருப்போரின் வாழ்க்கையை முதலில் அறிந்து, இன்றியமையாத அளவுக்கே இடித்து, காற்றும் வெளிச்சமும் புக வழி செய்ய வேண்டுமென்பதே அவர் கொள்கை.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தோன்றிற்று. ஆரம்ப காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அது பல மாடி வீடுகளைக் கட்டிற்று. 2000-க்குப் பின்னரோ, நகரின் மையத்திலிருந்து சுமார் 20, 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டன. 2015-ஆம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரைவாசிகள் பலர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகேயுள்ள அப்பெரும்பாக்கத்திலேயே குடியேற்றப்பட்டனர்!

வீடு கிடைத்தது, பிழைப்பு எங்கே? வீட்டு வேலை செய்யும் பெண்ணும், மூட்டை சுமக்கும் தொழிலாளியும் வேலைக்குச் செல்லப் பஸ்ஸில் செலவிடும் காசையும் பொழுதையும் கூட்டிப் பார்த்தால், மலிவான அவ்வீடு உண்மையில் மலிவல்ல என்பது விளங்கும்.

நகரத்தில் நிலத்தின் விலை அதிகமென்று அதிகாரிகள் கூறலாம். ஆனால் பழுதான பழைய குடியிருப்புகளை அவை இருந்த இடத்திலேயே இடித்துப் புதிதாகக் கட்டும் பணியையும் வாரியம் செய்துள்ளது. ஆகவே இது ஆகாத காரியமல்ல. பாமரருக்கு வரைபடம் விளங்காது என்பதும் சரியன்று. மழைக்காலத்தில் எந்தச் சந்தில் எவ்வளவு தண்ணீர் நிற்குமென்பதை அங்கே வசிப்பவரைவிட நன்கறிந்த நிபுணர் யார்?

1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம் ஜனங்களின் ஆட்சேபங்களைக் கேட்கச் சொல்கிறது. ஆனால் திட்டத்தின் நகல் தயாரான பின்னரே அது கேட்கச் சொல்கிறது. சுவர் எழுப்பிய பிறகு வாசல் எங்கே வேண்டுமென்று வினவுவதால் என்ன பயன்? 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு கமிட்டிகளுக்கு இடமளித்தது. 2022-ல் பகுதி சபைகளுக்கும் நம் மாகாணத்தில் விதிகள் வகுக்கப்பட்டன. சென்னையின் இரண்டாவது பெருந்திட்டம் 2026 வரைக்குமானது. அதை அடுத்து வரும் திட்டத்தின் முதற்கோடு வரையப்படுமுன், இச்சபைகளைக் கூட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டும். பேட்டைகளின் விவரங்கள் தமிழில் வெளியாக வேண்டும். எந்தக் குடும்பத்தையும் அதன் சம்மதமின்றிப் பெயர்த்தல் கூடாது.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. சபை கூடாத வார்டுகளில் அதைக் கூட்டச் செய்வது தேச ஊழியர்களின் கடமை. இவ்வருஷமே அவர்கள் அதில் முனைவார்களாக.