வாவியைத் தாண்டும் குறுஞ்செய்தி

மட்டக்களப்புக்கு வெள்ளம் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வருகிறது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் ஆகிய குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களை மூழ்கடித்துக்கொண்டு தண்ணீர் வாவிக்குள் இறங்கும். வாவி தளும்பினால் முகத்துவாரத்தில் மணலை வெட்டிக் கடலுக்கு வழிவிட வேண்டும். குளக்கட்டில் நிற்பவருக்கும், வயலில் நிற்பவருக்கும், முகத்துவாரத்தில் நிற்பவருக்கும் ஒரே செய்தி ஒரே நேரத்தில் தெரிய வேண்டிய நாள் அது. மின்சாரம் அற்று, வீதி மூழ்கி, கைத்தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துபோவதும் அதே நாளில்தான். 2011 ஜனவரி வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இணையமும் கோபுரமும் இல்லாமல் குறுஞ்செய்தி அனுப்ப இப்போது வழி இருக்கிறது. அதை வலைப்பின்னல் வானொலி என்று சொல்லலாம். ஆங்கிலப் பெயர் மெஷ். கையளவுப் பலகை ஒன்று, சிறு லித்தியம் மின்கலம், ஓர் அன்டெனா, தேவைப்பட்டால் ஒரு சூரியத்தகடு; கருவி இவ்வளவுதான். கைத்தொலைபேசியை புளூடூத் வழியாக இதனுடன் இணைத்துச் செய்தியைத் தட்டச்சு செய்யலாம். செய்தி எந்த நிறுவனத்தின் கணினிக்கும் போவதில்லை. அருகிலுள்ள கருவி அதை வாங்கி மீண்டும் ஒலிபரப்பும். அடுத்தது அதை வாங்கி இன்னும் தள்ளிக் கொண்டுபோகும். படுவான்கரை வயல்களில் யானை இறங்கினால் ஒரு பரணிலிருந்து அடுத்த பரணுக்குக் குரல் கொடுப்பார்களே, அதே முறைதான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கூவினால் யாருக்கும் எதுவும் கேட்காது. 2020இல் தொடங்கப்பட்ட மெஷ்டாஸ்டிக் என்ற திறந்த மென்பொருள் இதற்கு அழகான தீர்வு ஒன்றை வைத்திருக்கிறது. செய்தி கிடைத்ததும் கருவி உடனே திருப்பிச் சொல்லாது. சற்றுக் காத்திருந்து காதுகொடுக்கும். சமிக்ஞை பலவீனமாகக் கேட்ட கருவி பெரும்பாலும் தொலைவில் இருப்பது. ஆகவே அதற்குக் காத்திருப்பு நேரம் குறைவு, அது முந்திக்கொள்ளும். அருகிலுள்ளவை அந்த ஒலிபரப்பைக் கேட்டதும் தங்கள் முறையைக் கைவிடும். இதனால் ஒவ்வொரு தாவலிலும் செய்தி கூடிய தூரம் போகிறது. யாரும் தலைமை தாங்காமலே இந்த ஒழுங்கு வந்துவிடுகிறது.

இதன் அடியில் ஓடும் வானொலித் தொழில்நுட்பம் லோரா. பிரான்சின் கிரெனோபிள் நகரில் சைக்ளியோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கியதை 2012இல் அமெரிக்காவின் செம்டெக் வாங்கியது. அலைவரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துச் சறுக்கும் அலையாகத் தகவலை அனுப்புவதால், இரைச்சலுக்குள் புதைந்துபோன சமிக்ஞையையும் இதனால் மீட்டெடுக்க முடிகிறது. விலையாகக் கொடுப்பது வேகத்தை. மெஷ்டாஸ்டிக்கின் வழக்கமான அமைப்பில் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோபிட்தான் போகும். படமும் குரலும் போகாது. எழுத்து போகும், இருப்பிடம் போகும், குளத்தின் நீர்மட்ட அளவும் போகும்.

இந்த வானொலிக்கு மலையும் காடும் கட்டடமும் பகை. மட்டக்களப்பு வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குப் பெரிதாகத் தடையில்லாத தட்டையான வெளி. இருந்தாலும் தண்ணீரை ஒட்டி அன்டெனாவை வைத்தால் பயனில்லை. இரண்டு அன்டெனாக்களுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத, நடுப்பகுதி பருத்த ஒரு குழாய்போல அலை பரவுகிறது. அந்தப் பருமனில் பாதிக்கு மேல் தண்ணீரைத் தொடாமல் இருக்க வேண்டும். கரைக்குக் கரை மூன்று கிலோமீற்றர் என்றும், அலை 900 மெகாஹேர்ட்ஸ் என்றும் கொண்டால், நடுவில் குழாயின் ஆரம் 16 மீற்றர் அளவில் வரும். அதில் அறுபது வீதம் திறந்திருந்தால் போதும். அதாவது இரு கரையிலும் நீர்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ பத்து மீற்றர் உயரத்தில் அன்டெனா. பாடசாலையின் மேல்மாடி, நீர்த்தாங்கி, கோயில் மணிக்கூண்டு, பள்ளிவாசல் மினாரா என்று அந்த உயரம் இரு கரையிலும் ஏற்கெனவே நிற்கிறது.

வடக்குத் தெற்காகவும் கணக்குப் பார்க்கலாம். மெஷ்டாஸ்டிக்கில் ஒரு செய்தி அதிகபட்சம் ஏழு முறை கைமாறலாம். ஏழு கிலோமீற்றருக்கு ஒன்றாக, பதினைந்து மீற்றர் உயரத்தில் அன்டெனாக்கள் அமைந்தால், காகிதக் கணக்கில் வாவியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செய்தி போய்விடும். தென்னையும் வளைவுகளும் இந்தக் கணக்கைக் குலைக்கும் என்பதால் இடையிடையே மாற்று வழிகளும் வேண்டும்.

தமிழுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு செய்திக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 200 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் உயிர்மெய்க்குரிய குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டு, ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். ‘வெள்ளம் வருகிறது’ என்பது ஒன்பது எழுத்தும் ஓர் இடைவெளியும்தான். அதற்கு 46 பைட். இந்தக் கணக்கில் நாற்பது எழுத்துக்குள் விஷயத்தை முடிக்க வேண்டும். கருவியை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. ‘உன்னிச்சை, இரண்டு கதவு, இரண்டடி’ என்பதை ஓரிரு இலக்கங்களில் அனுப்பி, பெறுபவரின் திரையில் முழுத் தமிழ் வாக்கியமாக விரிக்கும் சிறு செயலியை யாராவது எழுத வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செயற்றிட்டம் கிடைப்பது அரிது.

தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பதை இந்தக் கரை இரண்டு முறை கொடூரமாகக் கண்டது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மரங்களையும் கம்பங்களையும் வீழ்த்தி மாவட்டத்தை நாட்டிலிருந்து துண்டித்தது. 2004 டிசம்பர் 26இல் கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டபோது இலங்கை நேரம் காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. கிழக்குக் கரையை அலை எட்டரை மணியை ஒட்டித் தாக்கியது. தென்மேற்கே பெரேலியவில் ‘சமுத்திரதேவி’ ரயிலை அடித்துச் சென்றபோது ஒன்பதே கால் தாண்டிவிட்டது. நடுவில் கிடைத்த அந்த நேரத்தில் கிழக்கின் செய்தி தெற்கின் ஊர்களுக்கு எச்சரிக்கையாகப் போய்ச் சேரவில்லை. வாவியின் வலைப்பின்னல் ஒன்று அந்த ரயிலை நிறுத்தியிருக்காது. அதன் வீச்சு அவ்வளவு நீளமானதல்ல. ஆனால் ஊருக்குள்ளேயே செய்தி நகராத நாட்டில், ஊருக்கு வெளியே அது நகரும் என்று எதிர்பார்க்க முடியாது.

சுனாமிக்குப் பிறகு சர்வோதயமும் லேர்ன்ஏசியாவும் சேர்ந்து, அலை தாக்கிய 32 கிராமங்களில் எச்சரிக்கைக் கருவிகளைப் பரீட்சித்தன. கைத்தொலைபேசி, நிலைத் தொலைபேசி, செய்மதி வானொலி என்று பலவும் அதில் இருந்தன. செய்மதி வானொலியை வழங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் 2008இல் வங்குரோத்தானது. எங்கோ ஒரு நிறுவனம் மூடினால் இங்கே ஒரு கிராமத்தின் எச்சரிக்கைக் கருவி ஊமையாகிவிடக்கூடும். வலைப்பின்னலுக்கு அந்த அபாயம் இல்லை. ஒரு கருவி கெட்டால் அந்த ஒன்றுதான் கெடும்.

உள்ளூர் வலையமைப்புகள் இந்தப் பக்கத்துக்குப் புதியவை அல்ல. அநுராதபுர மாவட்டத்தில் வில்பத்துக் காட்டை ஒட்டிய மகாவிலச்சியக் கிராமம், 2000களின் நடுப்பகுதியிலேயே வீடுகளை வைஃபை வலைப்பின்னலால் இணைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து நெடுந்தூர வைஃபை இணைப்புகளை நிறுவியது. கிராமத்துக் கண் மையத்தில் அமர்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலிருந்தே மருத்துவர் பார்த்துப் பேச அது வழிசெய்தது. கேரளத்தின் அமிர்தா பல்கலைக்கழகம் மீன்பிடிப் படகுகளையே இணைப்பு முனைகளாக்கி, கரையிலிருந்து 40 கிலோமீற்றருக்கும் அப்பால் கடலில் இணையத்தை எட்டவைத்திருக்கிறது. வாவியில் தோணி விடுபவர்களுக்கு இந்தக் கடைசி உதாரணம் மிக நெருக்கமானது.

இருந்தாலும் மட்டக்களப்புக்கு வேண்டிய பாடம் நியூயோர்க்கின் ரெட் ஹூக் பகுதியில்தான் கிடைக்கிறது. 2012இல் சாண்டி புயல் அங்கே தாக்கியபோது, சமூக நிலையம் ஒன்று முன்னதாகவே அமைத்திருந்த சிறு வலைப்பின்னல் இயங்கிக்கொண்டிருந்தது. மக்கள் அதைப் பயன்படுத்திப் பழகியிருந்தார்கள். நிவாரணத்துக்கு வந்த அரச அமைப்பு தன் செய்மதி இணைப்பை அதனுடன் பொருத்திக்கொண்டது. புயல் வந்த பிறகு பெட்டியைத் திறந்து கருவியை எடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

கைத்தொலைபேசிகளை மட்டும் வைத்து புளூடூத்தால் செய்தி கடத்தும் செயலிகளும் உண்டு. 2014இல் ஹொங்கொங் போராட்டத்தில் ஃபயர்சாட் பரவியது, 2019இல் பிரிட்ஜ்ஃபை. இலங்கையில் 2018 மார்ச்சிலும், மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது பலர் இத்தகைய வழிகளைத் தேடியிருக்கக்கூடும். புளூடூத்தின் வீச்சு சில பத்து மீற்றர்தான். கூட்டம் நெருங்கிய நகரத்துக்கு அது சரி, மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குத் துறையைத் தாண்டி அது போகாது. மேலும், பிரிட்ஜ்ஃபையில் பயனரை அடையாளம் காணவும் செய்திகளைப் படிக்கவும் இடம் தரும் ஓட்டைகள் இருந்ததை லண்டன் ரோயல் ஹொலோவே ஆய்வாளர்கள் 2020இல் வெளிக்கொணர்ந்தார்கள். இரகசியம் காக்கும் என்று நம்பியவர்களுக்கு அது ஆபத்தான செய்தி.

வெள்ள எச்சரிக்கையில் இரகசியத்தைவிட முக்கியம், அனுப்பியவர் யார் என்ற உறுதி. பொய்யான ‘கதவு திறந்தாச்சு’ ஒன்று போதும், அடுத்த முறை உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே நீர்ப்பாசனத் திணைக்களம், கிராம உத்தியோகத்தர், மீனவர் சங்கம் ஆகியோருக்குத் தனித்தனி இலக்கமுறைக் கையொப்பம் தேவை. அலைவரிசைக்கும் கருவிகளுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். போர்க்காலத்தில் வானொலிக் கருவி வைத்திருந்தாலே சந்தேகம் விழுந்த மண் இது. மரத்தில் கட்டிய பெட்டி யாருடையது, எதற்கு என்பது அதன் மேலேயே மூன்று மொழியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் சிறிதாகத் தொடங்க நான்கு இடங்கள் போதும்: உன்னிச்சைக் குளக்கட்டு, கொக்கட்டிச்சோலை, கல்லடி, பாலமீன்மடு. சாதாரண நாட்களில் அவை நீர்மட்டத்தையும், யானை நடமாட்டத்தையும், துறைப்படகின் நேரத்தையும் சொல்லிக்கொண்டிருக்கலாம். மழை இறங்கும்போது மக்களின் கை அந்தத் திரைக்குத் தானாகவே போகும்.